ஒளிப்படத்தில் அளவு மயக்கம்

ஒளிப்படத்தில் அளவு மயக்கம் என்பது, ஒளிப்படம் ஒன்றைப் பார்ப்பவர் அதிலுள்ள பொருட்களின் பருமனையோ அவற்றுக்கு இடையேயான தொலைவையோ உண்மைக்கு மாறாக உணர்வதைக் குறிக்கும். பீசாவின் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போலவும், முழுநிலவை இரு விரல்களுக்கு இடையில் பிடித்திருப்பது போலவும் எடுக்கப்படும் படங்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஆகும். இத்தகைய படங்களில் வெட்டி ஒட்டுதலோ கணினித் திருத்தமோ இருக்க வேண்டியதில்லை. ஒளிப்படக்கருவி தன் முன் இருந்ததை அப்படியே பதிவு செய்கிறது. பார்ப்பவரின் மூளையே அதற்குப் பிழையான பொருள் கொள்கிறது.

இம்மயக்கம் திட்டமிட்டு உருவாக்கப்படலாம், தற்செயலாகவும் நேரலாம். கட்டிடக்கலையிலும் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் இது நெடுங்காலமாக ஓர் உத்தியாகப் பயன்பட்டு வருகிறது. ஆங்கில வழக்கில் இவ்வுத்தி ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ் எனப்படும். செய்திப் படங்களிலும் அறிவியல் படங்களிலும் இது அறியாமல் நேரும்போது தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது.

அடிப்படை

வில்லை ஒன்றினால் உருவாகும் படிமத்தின் உயரத்தைப் பின்வரும் எளிய தொடர்பு தருகிறது. குவியத்தூரத்துடன் ஒப்பிடும்போது பொருள் மிகத் தொலைவில் இருக்கும்போது இது பொருந்தும்.

படிமத்தின் உயரம் = குவியத்தூரம் × (பொருளின் உயரம் ÷ பொருளின் தொலைவு)

ஒரே கருவியால் எடுக்கப்படும் ஒரு படத்தில் குவியத்தூரம் மாறுவதில்லை. எனவே படிமத்தின் பருமனைத் தீர்மானிப்பது உயரத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதம் மட்டுமே. பீசா கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 56 மீ. அதனை 140 மீ தொலைவில் இருந்து படம் எடுப்பதாகக் கொள்வோம்.

கோபுரம்: உயரம் 56 மீ, தொலைவு 140 மீ, விகிதம் 0.4
மனிதர்: உயரம் 1.6 மீ, தொலைவு 4 மீ, விகிதம் 0.4
பொம்மைக் கோபுரம்: உயரம் 20 செமீ, தொலைவு 50 செமீ, விகிதம் 0.4

இம்மூன்றும் படத்தில் ஒரே உயரமாகவே பதியும். உயரம், தொலைவு ஆகிய இரண்டும் படத்தில் தனித்தனியாகப் பதிவதில்லை. ஒரே சமன்பாட்டில் அறியாத கணியங்கள் இரண்டு இருந்தால் தனித்த விடை காண இயலாது என்பது பள்ளிக் கணிதத்தில் கற்பிக்கப்படுவதே. ஒவ்வோர் ஒளிப்படமும் பார்ப்பவருக்கு இத்தகைய முழுமையற்ற கணக்கு ஒன்றையே தருகிறது. மூளை தன் அனுபவத்தைக் கொண்டு ஓர் எண்ணை ஊகித்து, அதிலிருந்து மற்றதைக் கணிக்கிறது. ஊகம் தவறும்போது அளவு மயக்கம் ஏற்படுகிறது.

தொலைவை உணரும் வழிகள்

நேரில் பார்க்கும்போது தொலைவை உணர்வதற்குப் பல வழிகள் உள்ளன. மனிதனின் இரு கண்களும் ஏறத்தாழ 6.3 செமீ இடைவெளியில் அமைந்திருப்பதால் அவற்றில் விழும் படிமங்கள் சற்று வேறுபடுகின்றன. அருகில் உள்ள பொருளைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன, விழிவில்லையும் தடிக்கிறது. தலையை அசைத்தால் அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகர்வதாகத் தோன்றுகின்றன. ஒளிப்படத்தில் இவை எவையும் இல்லை. பின்வரும் குறிப்புகள் மட்டுமே எஞ்சுகின்றன.

மறைப்பு: ஒரு பொருள் மற்றொன்றை மறைத்தால் மறைப்பதே அருகில் உள்ளது எனக் கொள்ளப்படும்.
அறிந்த பருமன்: மனிதர், கதவு, ஊர்தி போன்றவற்றின் வழக்கமான அளவு நினைவில் இருப்பதால் அவை அளவுகோலாகப் பயன்படுகின்றன.
கோடுகளின் குவிவு: தண்டவாளம் போன்ற இணைகோடுகள் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவதாகத் தோன்றும்.
பரப்பின் நுணுக்கம்: புல், கூழாங்கல், நீரலை ஆகியவை தொலைவு கூடக் கூட நுண்மையாகத் தெரியும்.
தரைத்தொடர்பு: தரையில் நிற்கும் பொருளின் அடிப்பகுதி தொடுவானத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு தொலைவில் அது உள்ளது எனக் கொள்ளப்படும்.
வளிமண்டல மங்கல்: தொலைவில் உள்ள மலைகள் வெளிறி நீலச்சாயலுடன் தோன்றும்.
குவியத் தெளிவு: மிக அருகில் இருந்து எடுக்கப்பட்ட படங்களில் பின்னணி மங்கலாக இருக்கும்.

பருமனைப் பற்றிய உணர்வு, தொலைவைப் பற்றிய ஊகத்தைச் சார்ந்தது என்பதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். பொலிவான நிறமுடைய தாள் ஒன்றை அரை நிமிடம் உற்று நோக்கியபின் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதன் பின்னுரு தெரியும். அருகில் உள்ள சுவரில் சிறிதாகத் தெரியும் பின்னுரு, தொலைவில் உள்ள சுவரில் பெரிதாகத் தெரியும். விழித்திரையில் அதன் பருமன் மாறவே இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமில் எம்மர்ட் 1881 ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். இது எம்மர்ட்டின் விதி எனப்படுகிறது.

உண்மை தெரிந்திருப்பதனால் மட்டும் மயக்கம் நீங்கிவிடுவதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீசா கோபுரத்தின் ஒரே ஒளிப்படத்தின் இரு படிகளை அருகருகே வைத்து 2007 இல் காட்டினர். இரண்டும் ஒரே படமாக இருந்தும் வலப்பக்கக் கோபுரம் கூடுதலாகச் சாய்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. அருகருகே நிற்கும் இரு கோபுரங்களைக் கீழிருந்து பார்த்தால் அவற்றின் விளிம்புகள் உச்சியில் நெருங்க வேண்டும் என மூளை எதிர்பார்க்கிறது. அவ்வாறு நெருங்காததால் அவை விலகிச் செல்வதாக முடிவு செய்கிறது.

திட்டமிட்டு உருவாக்கும் முறை

இவ்வகைப் படம் எடுப்போர், மேலே கூறப்பட்ட குறிப்புகளை மறைத்தோ திரித்தோ மயக்கத்தை உருவாக்குகின்றனர். இதற்கு நான்கு நிபந்தனைகள் இன்றியமையாதன.

முதலாவது, ஒரே பார்வைப்புள்ளி. கருவியைச் சில செமீ நகர்த்தினாலும் கை கோபுரத்தை விட்டு விலகிவிடும். ஆகவே நிற்பவரை விடப் படம் எடுப்பவரே இடம் மாறிச் சரிசெய்வது வழக்கம்.

இரண்டாவது, அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே அளவு தெளிவாக இருத்தல். இதற்குக் குறுகிய குவியத்தூரமும் சிறிய துளையும் தேவை. 35 மிமீ படச்சுருள் கருவியில் 24 மிமீ வில்லையைத் துளை எண் 16 இல் வைத்து 1.2 மீ தொலைவுக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 60 செமீ முதல் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை அனைத்தும் தெளிவாகப் பதியும். 50 மிமீ வில்லையைத் துளை எண் 2 இல் வைத்தால் அருகில் உள்ள கை தெளிவாகவும் கோபுரம் மங்கலாகவும் பதிந்து மயக்கம் கலைந்துவிடும். கைப்பேசிக் கருவிகளின் குவியத்தூரம் மிகச் சிறியது என்பதால் அவற்றில் இத்தகைய படங்களை எளிதாக எடுக்க முடிகிறது.

மூன்றாவது, தரைத்தொடர்பை மறைத்தல். அருகில் நிற்பவரின் பாதமும் தொலைவில் உள்ளவரின் பாதமும் தரையில் வெவ்வேறு இடங்களில் தெரிந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். பொலிவியாவில் உள்ள உயூனி உப்புப் பாலைவனம் இதனாலேயே இவ்வகைப் படங்களுக்குப் பெயர்பெற்றது. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 3,650 மீ உயரத்தில் 10,000 சதுர கிமீக்கும் கூடுதலாகப் பரந்துள்ள இவ்வெண்ணிற வெளியில் மரமோ வீடோ மேடுபள்ளமோ இல்லை. தொலைவில் நிற்கும் மனிதர் ஒரு காலணியின் மேல் நிற்பது போல அங்கு எளிதாகப் படம் எடுக்கலாம்.

நான்காவது, பொருட்களுக்கு இடையில் ஒரு செயல் தொடர்பு இருப்பதாகக் காட்டுதல். தாங்குவது, தள்ளுவது, ஊதுவது போன்ற நிற்கும் நிலைகள், இரண்டும் ஒரே இடத்தில் உள்ளன என்ற ஊகத்தை வலுப்படுத்துகின்றன. மாமல்லபுரத்தில் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறையைத் தாங்குவது போலப் பார்வையாளர்கள் எடுத்துக்கொள்ளும் படங்களும் இவ்வகையினவே.

இதற்கு எதிர்மாறான மயக்கமும் உண்டு. உயரத்தில் இருந்து எடுக்கப்பட்ட நகரப் படத்தில் முன்னும் பின்னும் மங்கலாக்கப்பட்டால், உண்மையான தெருவும் ஊர்திகளும் பொம்மைகளாகத் தோன்றும். குவியம் மங்குவது மிக அருகில் உள்ள சிறு பொருட்களுக்கே உரியது என மூளை பழகியிருப்பதே இதற்குக் காரணம். இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் ஒலிவோ பார்பியேரி 2003 முதல், சாய்க்கக்கூடிய வில்லையைப் பயன்படுத்தி உலங்குவானூர்தியில் இருந்து இத்தகைய நகரப் படங்களை எடுத்தார்.

நிலவும் ஞாயிறும்

நிலவின் விட்டம் 3,474 கிமீ; அதன் சராசரித் தொலைவு 384,400 கிமீ. அதாவது நிலவு தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 110 மடங்கு தொலைவில் உள்ளது. எந்தப் பொருளையும் அதன் உயரத்தைப் போல் 110 மடங்கு தொலைவில் இருந்து பார்த்தால் அது நிலவின் அளவாகத் தெரியும் என்பது இதிலிருந்து பெறப்படும். கண்ணில் இருந்து 55 செமீ தொலைவில் உள்ள 5 மிமீ விரலிடுக்கில் நிலவு அடங்குவது இதனாலேயே. 60 மீ உயரமான கோபுரத்தின் பின்னால் அதே அளவில் நிலவு தெரிய வேண்டுமானால், படம் எடுப்பவர் கோபுரத்தில் இருந்து 6.6 கிமீ தொலைவுக்குச் செல்ல வேண்டும்.

முழுமையான ஞாயிற்று மறைப்பை இயற்கையில் அமைந்த அளவு மயக்கம் எனலாம். ஞாயிறு நிலவை விட விட்டத்தில் ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. இதனால் இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே பருமனாகத் தெரிகின்றன.

சில நேரங்களில் கண்ணின் மயக்கத்தைக் கருவியே திருத்துகிறது. தொடுவானத்தில் எழும் நிலவு உச்சியில் உள்ள நிலவை விடப் பெரிதாகத் தோன்றுவது வழக்கம். ஒரே வில்லையால் இரு நிலைகளிலும் படம் எடுத்து அளந்தால் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

வில்லையா, தொலைவா?

தொலைநோக்கு வில்லை பொருட்களை நெருக்கிக் காட்டும் என்றும், அகலக்கோண வில்லை அவற்றை விலக்கிக் காட்டும் என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. இது முழுவதும் சரியன்று. பொருட்களின் ஒப்பீட்டுப் பருமனைத் தீர்மானிப்பது கருவி நிற்கும் இடமே; வில்லை அக்காட்சியில் எவ்வளவு பகுதி படத்தில் அடங்கும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

2 மீ இடைவெளியில் முன்பின்னாக நிற்கும் ஒரே உயரமுள்ள இருவரைக் கருதுக. முன்னவருக்கு 2 மீ தொலைவில் இருந்து எடுத்தால், 4 மீ தொலைவில் உள்ள பின்னவர் பாதி உயரமாகத் தெரிவார். 50 மீ தொலைவில் இருந்து எடுத்தால் பின்னவர் 52 மீ தொலைவில் உள்ளார். அவரது உயரம் முன்னவரின் 96 விழுக்காடாகத் தெரியும். இருவரும் ஒட்டி நிற்பதாகவே பார்ப்பவர் கருதுவார். தொலைவில் இருந்து எடுக்கத் தொலைநோக்கு வில்லை தேவைப்படுவதால் விளைவு வில்லையினால் ஏற்பட்டதாகத் தவறாகக் கருதப்படுகிறது. அதே இடத்தில் இருந்து அகலக்கோண வில்லையால் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே நெருக்கத்தைக் காணலாம்.

வரலாறு

இம்மயக்கம் ஒளிப்படக்கலையை விடப் பழமையானது. 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்சில் புரூனலெஸ்கி ஒருபுள்ளி இயலுறு தோற்றத்தை செயல்முறையில் காட்டினார். அல்பர்ட்டி 1435 இல் அதன் விதிகளை எழுதினார். தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டக் கற்றுக்கொண்ட கலைஞர்கள், பின்னர் உண்மையான இடத்திலேயே இல்லாத ஆழத்தைக் காட்டத் தொடங்கினர். இத்தாலியின் விசென்சா நகரில் 1585 இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக்கோ அரங்கின் மேடையில், ஸ்கமோசி அமைத்த தெருக்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல உயர்ந்து குறுகி நெடுந்தொலைவு செல்வதாகத் தோன்றுகின்றன. உரோமின் ஸ்பாடா மாளிகையில் பொரோமினி 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த தூண் நடை 9 மீட்டருக்கும் குறைவான நீளம் உடையது. தரை உயர்ந்தும் கூரை தாழ்ந்தும் தூண்கள் சிறுத்தும் செல்வதால் அது பல மடங்கு நீளமாகத் தெரிகிறது. அதன் கோடியில் உள்ள ஆளுயரச் சிலை போன்ற உருவம் உண்மையில் ஒரு மீட்டருக்கும் குறைவான உயரமுடையது.

1940களில் அமெரிக்கரான அடெல்பெர்ட் ஏம்ஸ், ஒரு மூலை மற்றதை விட மிகத் தொலைவில் அமைந்த கோணலான அறையை உருவாக்கினார். சிறு துளை வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அது சாதாரணச் சதுர அறையாகத் தெரியும். அதனுள் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு நடப்பவர் வளர்வதாகவோ சுருங்குவதாகவோ தோன்றுவார். மனிதர் திடீரென வளர்வதில்லை என்பது தெரிந்திருந்தும், அறை சதுரமானது என்ற ஊகத்தைக் கைவிட மூளை மறுக்கிறது.

திரைப்படத்தில் 1942 ஆம் ஆண்டின் காசாபிளாங்கா குறிப்பிடத்தக்கது. அதன் இறுதி வானூர்தி நிலையக் காட்சியில் சிறிய மாதிரி வானூர்தியும், அதனைச் சுற்றி உயரம் குறைந்த நடிகர்களும் பயன்படுத்தப்பட்டனர்; மூடுபனி மற்றவற்றை மறைத்தது. 2001 இல் வெளிவந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதற்பாகத்தில், வண்டியில் அருகருகே அமர்ந்திருப்பதாகத் தோன்றும் இருவரில் ஒருவர் கருவிக்கு மிக அருகில் அமர்த்தப்பட்டார்.

தவறான முடிவுகள்

ஒளிப்படம் சான்றாகக் கொள்ளப்படும்போது அளவு மயக்கம் விளையாட்டாக இருப்பதில்லை.

நெஸ் ஏரிப் படம்: ஸ்கொட்லாந்தின் நெஸ் ஏரியில் பெரும் விலங்கு ஒன்று தலைதூக்குவதாகக் காட்டும் படம் 1934 ஏப்ரலில் டெய்லி மெயில் நாளிதழில் வெளிவந்தது. ஒரு மருத்துவர் எடுத்ததாகக் கூறப்பட்டதால் பலரும் அதனை நம்பினர். பரவலாக அச்சிடப்பட்டது வெட்டிப் பெரிதாக்கப்பட்ட படமாகும். வெட்டப்படாத படத்தில் சுற்றியுள்ள நீரலைகளுடன் ஒப்பிடும்போது அவ்வுருவம் மிகச் சிறியது எனத் தெரிகிறது. பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையும் கழுத்தும் பொருத்தி அது உருவாக்கப்பட்டது என்பது 1994 இல் வெளியானது. கரையும் அலையும் வெட்டப்பட்டபோது அளவுகோலும் சேர்ந்தே வெட்டப்பட்டது.

அப்பல்லோ 14: 1971 பெப்ரவரியில் நிலவில் இறங்கிய ஷெப்பர்டும் மிட்ச்செலும் கோன் எனப்படும் பெரும் பள்ளத்தின் விளிம்பைத் தேடிச் சென்றனர். நிலவில் காற்று இல்லாததால் தொலைவில் உள்ள பாறையும் அருகில் உள்ளது போலவே தெளிவாகத் தெரிந்தது. அளவு அறிந்த மரமோ வீடோ அங்கில்லை. களைப்புடன் மேடேறிய அவர்கள் விளிம்பைக் காணாமலேயே திரும்ப நேர்ந்தது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலன் 2009 முதல் எடுத்த படங்களில் அவர்களின் காலடித் தடங்கள் தெரிகின்றன. விளிம்புக்கு ஏறத்தாழ 30 மீ தொலைவு வரை அவர்கள் சென்றிருந்தது அவற்றைக் கொண்டு அறியப்பட்டது.

கூட்டத்தின் அடர்த்தி: கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 இல், மக்கள் இடைவெளி இன்றிக் கூடியதாகக் காட்டும் செய்திப் படங்கள் பல நாடுகளில் கண்டனத்துக்கு உள்ளாயின. டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் நிறுவன ஒளிப்படக் கலைஞர்கள் ஒரே கூட்டத்தைத் தொலைநோக்கு வில்லையாலும் அகலக்கோண வில்லையாலும் எடுத்து அருகருகே வெளியிட்டனர். ஒன்றில் நெருக்கமாகத் தெரிந்தவர்கள் மற்றதில் போதிய இடைவெளியுடன் நின்றிருந்தனர். மக்கள் மீது சுமத்தப்பட்ட குற்றத்தில் ஒரு பகுதி கருவி நின்ற இடத்தைச் சார்ந்ததாக இருந்தது.

தற்படம்: செல்ஃபி எனப்படும் தற்படம் பெரும்பாலும் கை நீட்டும் தொலைவுக்குள் எடுக்கப்படுகிறது. அத்தொலைவில் மூக்குக்கும் காதுக்கும் இடையேயுள்ள சில செமீ வேறுபாடே பெரிய விகித மாற்றமாகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட கணிப்பின்படி, 30 செமீ தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 1.5 மீ தொலைவில் எடுத்த படத்தை விட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். தற்படத்தைப் பார்த்து மூக்கை அறுவை மருத்துவத்தால் சிறிதாக்க விரும்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியது இது. குறை மூக்கில் இல்லை, தொலைவில் உள்ளது.

மயக்கத்தைத் தவிர்த்தல்

முழுமையற்ற கணக்கை முழுமையாக்க, பொருளின் உண்மையான நீளமோ தொலைவோ தெரிந்தால் போதும். நிலவியலாளர் பாறையின் மேல் சுத்தியலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுப்பதும், தொல்லியலாளர் அகழ்வுக் குழியில் வண்ணக் கோடிட்ட அளவுகோலை வைப்பதும் இதற்காகவே. பாரிஸ் காவல்துறையின் அல்போன்ஸ் பெர்த்தியோன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் குற்றம் நடந்த இடங்களை அளவீட்டுடன் படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். அப்பல்லோ வீரர்களும் அளவும் நிறமும் குறிக்கப்பட்ட முக்காலிக் கோல் ஒன்றை மண்ணில் நிறுத்திப் படம் எடுத்தனர்.

அளவுகோலும் பொருள் உள்ள அதே தொலைவில் இருக்க வேண்டும். மீன் பிடித்தவர் கருவியில் இருந்து 1.8 மீ தொலைவில் நின்று, மீனை 60 செமீ முன்னே நீட்டிப் பிடித்தால், அது அவரது உடலுடன் ஒப்பிடும்போது 1.5 மடங்கு பெரிதாகத் தெரியும். இங்கு மனிதர் என்னும் அளவுகோல் இருந்தும் பயனில்லை.

அளவுகோல் இல்லாத இடத்தில் இரண்டாவது படம் உதவும். சற்றுத் தள்ளி நின்று மற்றொரு படம் எடுத்தால் அருகில் உள்ளவை மிகுதியாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் இடம் மாறியிருக்கும். இரு பார்வைப்புள்ளிகளுக்கு இடையேயான தூரம் தெரிந்தால் தொலைவையும் கணக்கிடலாம். வான்வழிப் படங்களில் இருந்து நிலப்படம் வரையும் ஒளிப்பட அளவையியல் இவ்வடிப்படையில் அமைந்ததே.

படம் ஒன்றைக் கொண்டு பருமனையோ நெருக்கத்தையோ முடிவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் பயன்தரும். கருவி எங்கே நின்றது? அளவு தெரிந்த பொருள் ஏதேனும் அதே தொலைவில் உள்ளதா? படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளனவா? இவற்றுக்கு விடை கிடைக்காதவரை, படத்தில் தெரிவது விகிதம் மட்டுமே.